யூபிலி ஆண்டும் அடைபட்டோரின் விடுதலையும்

(நமது பங்கின் யூபிலி நிறைவு விழாக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 ஆலயத்திற்குப் புது வர்ணம் பூசியாயிற்று. கொடியேற்றம், நவநாள், தேர்ப்பவனி எல்லாம் இறைவன் அருளால் குறைவின்றி நடந்தேறின. ரப்பர் பால் வெட்டிக் கிடைத்த கூலியிலிருந்தும், வளைகுடா நாடுகளில் வெயிலில் நின்று சம்பாதித்த பணத்திலிருந்தும் நீங்கள் கொடுத்த காணிக்கையே இவ்விழாவை நடத்திற்று. இதற்கெல்லாம் நன்றி கூறியபின், யூபிலி என்ற சொல்லின் பொருளைச் சற்று எண்ணிப் பார்க்க உங்களை அழைக்கிறோம்.

யோவேல் என்பது ஆட்டுக்கடாவின் கொம்பினால் செய்த எக்காளம். ஐம்பதாம் ஆண்டில் அந்தக் கொம்பு ஊதப்பட்டதும் இஸ்ராயேல் நாடெங்கும் மூன்று காரியங்கள் நடக்க வேண்டும் என்று லேவியராகமம் 25ஆம் அதிகாரம் சொல்கிறது. நிலம் இளைப்பாற வேண்டும். கடனுக்காகக் கைவிட்டுப்போன காணி மீண்டும் உரியவனுக்குத் திரும்ப வேண்டும். அடிமைப்பட்டவன் விடுதலை பெற்றுத் தன் குடும்பத்தோடு சேர வேண்டும். நம் ஆண்டவரும் நாசரேத்தூர் செபக்கூடத்தில் தமது பணியைத் தொடங்கியபோது, சிறைப்பட்டோருக்கு விடுதலை அறிவிக்கவே தாம் அனுப்பப்பட்டதாகச் சொன்னார் என்று புனித லூக்கா எழுதியுள்ளார். அப்படியானால், அடைபட்ட ஒருவரையும் நினையாத யூபிலி வேதாகமம் சொல்லும் யூபிலி ஆகுமா? ஆகாது அன்றோ!

நம் காலத்தில் அடைபட்டோர் யார்? சிறைச்சாலைகளில் இருப்போரை நாம் அறிவோம். அவர்களுக்காகச் செபிக்கிறோம், திருச்சபையின் சிறைப்பணிக் குழுவினர் அவர்களைச் சென்று சந்திக்கிறார்கள். ஆனால் இன்னொரு வகையினர் உண்டு. திருடியதற்காகவோ கொலை செய்ததற்காகவோ அல்ல, கையில் ஒரு தாள் இல்லாததற்காக அடைக்கப்பட்டவர்கள் அவர்கள். கடவுச்சீட்டு இல்லை, அல்லது அதன் காலம் முடிந்துவிட்டது. எல்லையை அனுமதியின்றிக் கடந்தார்கள், அல்லது வேலை கொடுத்தவன் கைவிட்டான். உலகில் பல நாடுகளிலும் இத்தகையோரை வைக்கும் இடங்கள் உள்ளன. பெயர்கள் பலவகை: தடுப்பு மையம், இடைத்தங்கல் முகாம், சிறப்பு முகாம். பெயர் எதுவாயினும் வெளியிலிருந்து பூட்டப்படும் கதவு ஒன்றுதான்.

நம் தமிழ்நாட்டில் இதற்குச் சிறப்பு முகாம் என்று பெயர். இலங்கையிலிருந்து வந்தவர்களில், போராளிகளோடு தொடர்புடையவர் என்று காவல்துறை ஐயப்பட்டவர்களை வைப்பதற்காக 1990இல் இவை தொடங்கப்பட்டன. வேலூர்க் கோட்டையும், பின்னர் செங்கல்பட்டும், பூந்தமல்லியும் இதற்குப் பயன்பட்டன. பிற்காலத்தில் திருச்சிராப்பள்ளி மத்திய சிறை வளாகத்திலேயே ஒரு பகுதி சிறப்பு முகாமாயிற்று. இலங்கையர் மட்டுமன்றி வேறு நாட்டவரும் அங்கே வைக்கப்பட்டார்கள். ஆங்கிலேயர் காலத்தில் எழுதப்பட்ட 1946ஆம் ஆண்டு அயல்நாட்டவர் சட்டத்தின் 3ஆம் பிரிவு, அயல்நாட்டான் ஒருவன் இன்ன இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று ஆணையிட அரசுக்கு அதிகாரம் தந்தது. அந்த ஒரு வரியை ஆதாரமாகக் கொண்டே இக்கதவுகள் பூட்டப்பட்டன. அதற்குக் குற்றப்பத்திரிகை வேண்டியதில்லை. தண்டனைத் தீர்ப்பும் வேண்டியதில்லை.

சிறைக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை நன்கு கவனியுங்கள். சிறைக்கைதிக்கு ஒரு தேதி உண்டு. ஏழு ஆண்டு என்றால் ஏழு ஆண்டு. நன்னடத்தையால் அதுவும் குறையலாம். சுவரில் கோடு போட்டு எண்ணி வரலாம். சிறப்பு முகாமில் இருப்பவருக்கு அத்தகைய தேதி கிடையாது. அரசு எப்போது விரும்புகிறதோ அப்போதுதான் விடுதலை. பிணை பெற்று வெளியே வந்தவர், தண்டனையை முழுவதும் அனுபவித்து முடித்தவர், இப்படிப்பட்டவர்களும் சிறை வாசலிலிருந்து நேராக அங்கே கொண்டுசெல்லப்பட்டது உண்டு. அங்கிருந்தோர் பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப உண்ணாவிரதம் இருந்ததும், சிலர் தம் உயிரையே மாய்த்துக்கொள்ள முனைந்ததும் செய்தித்தாள்களில் வந்தவையே. அவர்கள் கேட்டது நல்ல சாப்பாடு அன்று. எங்களை எப்போது விடுவீர்கள் என்ற கேள்விக்கு ஒரு பதில்.

நாடறிந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறோம். 2022 நவம்பர் 11ஆம் நாள், முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி கொலை வழக்கில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையிலிருந்தவர்களை உச்ச நீதிமன்றம் விடுவித்தது. அவர்களில் இலங்கையர் நால்வர் வீட்டுக்குப் போகவில்லை. திருச்சி சிறப்பு முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அந்தக் கொடிய கொலையில் எத்தனை குடும்பங்கள் அழுதன என்பதை நாம் மறக்கவில்லை. வழக்கைப் பற்றியும் இங்கே பேச வரவில்லை. நீதிமன்றம் போகலாம் என்று சொன்ன பின் நடந்ததையே குறிப்பிடுகிறோம். நால்வரில் சாந்தன் என்பவர் தம் வயது முதிர்ந்த தாயைக் காண ஊருக்கு அனுப்பும்படி கேட்டுக்கொண்டே இருந்தார். ஓராண்டுக்கு மேல் கடந்தது. பயண ஆவணம் கிடைத்த வேளையில் நோய் முற்றிவிட்டது. 2024 பிப்ரவரி 28ஆம் நாள் சென்னை அரசு மருத்துவமனையில் இறந்தார். மகனை எதிர்பார்த்திருந்த தாயிடம் அவருடைய உடல்தான் போய்ச் சேர்ந்தது. மற்ற மூவரும் அதே ஆண்டு ஏப்ரலில் இலங்கைக்கு அனுப்பப்பட்டார்கள். வியாகுல மாதாவின் சுரூபத்தின் முன் மெழுகுதிரி ஏற்றும் நம் தாய்மார்களுக்கு இதைப்பற்றி நாம் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

நம் நாட்டின் அரசியல் சட்டம் இதை ஏற்கிறதா என்று கேட்கலாம். 21ஆம் விதி, உயிருக்கும் தனி மனித சுதந்திரத்துக்கும் பாதுகாப்புத் தருகையில், குடிமகன் என்று சொல்லவில்லை. எந்த மனிதனும் என்றே சொல்கிறது. அது அந்நியருக்கும் உரியது என்பதை 1996இல் சக்மா அகதிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அசாம் மாநிலத்தில் அயல்நாட்டார் என்று முடிவு செய்து அடைக்கப்பட்டவர்களில் மூன்றாண்டு முடித்தவர்களை நிபந்தனையுடன் விடலாம் என்று 2019 மே மாதத்திலும், அக்காலத்தை இரண்டாண்டாகக் குறைத்து 2020 ஏப்ரலிலும் அதே நீதிமன்றம் ஆணையிட்டது. முடிவில்லாமல் அடைத்துவைப்பது நியாயமன்று என்ற எண்ணமே இவ்வாணைகளுக்கு அடிப்படை. 2019இல் மத்திய அரசும் இத்தகைய மையங்களுக்கு ஒரு மாதிரிக் கையேடு தயாரித்து மாநிலங்களுக்கு அனுப்பியது. மின்விளக்கு, குடிநீர், கழிப்பிடம், பெண்களுக்குத் தனி இடம், உறவினரோடு பேச வசதி என்று அதில் உண்டு. ஏட்டில் உள்ளது இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பவர் யார் என்பதே கேள்வி.

இனி, நம் அருகே வருவோம். பூட்டிய முகாம்கள் ஒருபுறமிருக்க, பூட்டாத முகாம்களும் உண்டு. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பழவிளை, ஞாறான்விளை, கோழிவிளை, பெருமாள்புரம் என நான்கு இடங்களில் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. அருமனையிலிருந்து பஸ் ஏறினால் மார்த்தாண்டத்தை அடுத்த ஞாறான்விளைக்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். விளை என்றால் பயிர் விளையும் நிலம் என்பது நம் நாட்டுக்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மூன்று விளைகளிலும் வந்து குடியேறிய அம்மக்களுக்கு அந்த மண்ணில் ஒரு சென்ட் நிலமும் சொந்தமில்லை. அந்த முகாம்களில் பிறந்த பிள்ளைகள் இப்போது தாங்களே பிள்ளை பெற்றவர்களாகிவிட்டார்கள்.

1983 ஜூலை மாதம் இலங்கையில் நடந்த படுகொலைகளை நம்மில் மூத்தோர் மறந்திருக்க மாட்டீர்கள். கொழும்பு வெலிக்கடைச் சிறையில் காவலில் இருந்த 53 தமிழர்கள் இரண்டு நாட்களில் கொல்லப்பட்டார்கள். அந்த மாதத்திலிருந்து 2012 வரை மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் கடல் கடந்து தமிழ்நாட்டுக்கு வந்ததாக அரசின் கணக்கு. அவர்கள் முதலில் இறங்கிய மண்டபம் முகாம் எது தெரியுமா? வெள்ளையர் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்களை நிறுத்தி, நோய் உண்டா என்று சோதித்து அனுப்பிய அதே இடம். நம் தென்திருவிதாங்கூரிலிருந்தும் பலர் பஞ்சத்துக்கும் சாதிக் கொடுமைக்கும் அஞ்சி அத்தோட்டங்களுக்குப் போனார்கள். அப்படிப் போனவர்களின் சந்ததியாரில் பல லட்சம் பேரை 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் இலங்கை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்து அவர்களைத் தலை எண்ணிப் பங்கிட்டுக்கொண்டார்கள். முகாம்களில் உள்ளோரில் கணிசமானவர் இந்த மலையகத்தாரே. பாட்டன் கூலியாகப் போன வழியில் பேரன் அகதியாகத் திரும்பி வந்தான்.

முகாம் வாழ்க்கை எப்படி இருந்தது? பத்தடிக்குப் பத்தடி அறை. தார் அட்டைக் கூரை. வெயிலில் உருகும், மழையில் ஒழுகும். சமையலும் படுக்கையும் பிள்ளைகளின் படிப்பும் அதற்குள்ளேதான். பொதுக் கழிப்பறை முன் வரிசை. குறித்த நாளில் குடும்பத்தோடு நேரில் நின்று கணக்குக் கொடுத்தால்தான் உதவித்தொகை. வெளியூர் போக வேண்டுமானால் அனுமதி. அரசு செய்த நன்மைகளையும் நன்றியோடு சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்திருந்தது. ரேஷன் அரிசி கிடைத்தது. 2021 ஆகஸ்ட் 27ஆம் நாள் தமிழக முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் 317 கோடி ரூபாய் அளவிலான திட்டங்களை அறிவித்தார். பழுதான வீடுகளுக்குப் பதிலாக 7,469 புதிய வீடுகள் கட்டுவதும், குடும்பத் தலைவருக்கு மாத உதவித்தொகையை ஆயிரத்திலிருந்து 1,500 ரூபாயாக உயர்த்துவதும் அவற்றில் அடங்கும். அகதிகள் முகாம் என்ற பெயரும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றப்பட்டது. அப்போதைய கணக்கில் முகாம்களில் இருந்தோர் 58,822 பேர். முகாமுக்கு வெளியே பதிவு செய்து வாழ்ந்தோர் 34,087 பேர்.

வீடு மாறிற்று, பெயர் மாறிற்று, ஆனால் நிலை மாறவில்லை. ஏன்? இந்தியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடு. அகதி என்ற சொல்லுக்கு நம் சட்டத்தில் இடமில்லை. 2003இல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, உரிய ஆவணமின்றி வந்தவர் எல்லோரும் சட்டவிரோதக் குடியேறிகள் என்ற ஒரே பட்டியலில் வந்துவிட்டனர். உயிர் தப்பப் படகேறியவனும் அதே பட்டியல். 2019இல் வந்த திருத்தம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்காளதேசம் ஆகிய மூன்று நாட்டவருக்கு மட்டுமே வழி திறந்தது. இலங்கை அதில் இல்லை. 2025 செப்டம்பரில் பழைய அயல்நாட்டவர் சட்டத்தின் இடத்தில் புதிய குடியேற்ற, அயல்நாட்டவர் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவு செய்துள்ள இலங்கைத் தமிழரை ஆவணமில்லாக் குற்றத்தின் தண்டனையிலிருந்து விலக்கி அரசு ஆணையும் பிறந்தது. இது பெரிய ஆறுதலே. ஆயினும் தண்டனை இல்லை என்பது வேறு, நீ எங்களவன் என்பது வேறு. பொறியியல் படித்த இளைஞன் அரசுத் தேர்வுக்கு மனுப்போட முடியாமல் வர்ணம் பூசும் வேலைக்குப் போகிறான் என்றால், கதவில்லாத ஒரு முகாமுக்குள்தானே அவன் அடைபட்டிருக்கிறான்!

சட்டம் தரும் உரிமையும் சில வேளை அறியாமையால் கிடக்கிறது. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராயினும், பிறப்பால் இந்தியக் குடிமகன். 1986இல் மண்டபத்தில் பிறந்து திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழ்ந்த ஒரு பெண், உயர் நீதிமன்றம் வரை சென்று கடவுச்சீட்டுப் பெற்று, 2024 ஏப்ரல் 19 நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களித்தார். உரிமை அவர் பிறந்த நாளிலிருந்தே அவருடையது. அதைக் கையில் வாங்க முப்பத்தெட்டு ஆண்டு ஆயிற்று.

அன்பு மக்களே, இது யாரோ அயலாரின் கதை என்று எண்ண வேண்டாம். நம் பங்கில் எத்தனை வீடுகளிலிருந்து பிள்ளைகள் வளைகுடாவுக்குப் போயிருக்கிறார்கள்! அங்கே அவர்கள்தான் அந்நியர். கடவுச்சீட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்கிறான். சம்பளம் தரவில்லை என்று வேறிடம் போனால் ஓடிப்போனவன் என்று எழுதிக்கொடுக்கிறான்; அதைத்தான் ஹுரூப் என்கிறார்கள். அன்றோடு இக்காமா செல்லாது. தெருவில் பிடிபட்டால் தர்ஹீல். அந்தச் சொல்லைக் கேட்டாலே சவூதியில் இருந்து வந்தவர்களின் முகம் மாறும். ஒரு கூடத்தில் பலரை நெருக்கி வைத்திருப்பார்கள். தூதரகம் அவசரப் பயணச் சான்று கொடுத்து, முதலாளியோடுள்ள வழக்கும் அபராதமும் தீர்ந்தால்தான் விமானம். 2013இல் சவூதி அரசு நிதாகத் சட்டத்தை இறுக்கிச் சிறிது அவகாசம் தந்தபோது லட்சத்துக்கும் அதிகமான இந்தியர் திரும்பி வந்தார்கள். அவர்களில் நம் குமரி மாவட்டத்தாரும் இருந்தார்கள். அவர்கள் யாரும் குற்றவாளிகள் அல்லர். வீட்டுக்கடனும் சகோதரியின் கலியாணமும் தலையில் ஏற்றிச் சென்ற பிள்ளைகள்.

நம் கடற்கரைச் சகோதரரையும் நினையுங்கள். தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் மீனவர் பலமுறை இந்துமாக் கடலில் உள்ள தியேகோ கார்சியா தீவில் பிரிட்டிஷாரால் பிடித்து வைக்கப்பட்டதுண்டு. அதே தீவில் 2021 அக்டோபரில் 89 இலங்கைத் தமிழர் கரை சேர்ந்தார்கள். தென்னிந்தியக் கரையிலிருந்து மீன்பிடிப் படகில் கனடாவுக்குப் போகப் புறப்பட்டு நடுக்கடலில் தத்தளித்தவர்கள். அவர்களில் குழந்தைகளும் இருந்தனர். ஒரு கால்பந்து மைதானமளவு இடத்தில் வேலியடைத்து, கூடாரங்களில் வைத்துக் காவல் போட்டார்கள். கூடாரத்துக்குள் எலிகள்; குழந்தைகள் விளையாடவும் வேலிக்குள்ளேயே இடம். ஏறத்தாழ மூன்றாண்டுகளுக்குப் பின், 2024 டிசம்பரில், பெரும்பாலோர் இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அதே மாதம் 16ஆம் நாள் அத்தீவுப் பகுதியின் உச்ச நீதிமன்றம், அவர்களை அப்படி வைத்தது சட்டத்துக்கு மாறானது, பெயர்தான் முகாம், உண்மையில் அது சிறை என்ற கருத்துப்படத் தீர்ப்பளித்தது. தீர்ப்பு நல்லது. ஆனால் வேலிக்குள் கழிந்த மூன்றாண்டுக் குழந்தைப் பருவத்தை எந்த நீதிமன்றம் திருப்பித் தரும்?

இங்கே நம் மண்ணின் புனிதரை நினைக்காமல் இருக்க முடியாது. நட்டாலத்தில் 1712இல் பிறந்து, 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்ற தேவசகாயம், 1749இல் கைதானார். எருக்கம்பூ மாலையும் எருமை ஊர்வலமும் நமக்குத் தெரியும். அதற்குப் பின் மூன்றாண்டுக் காலம் அவர் விலங்கோடு பல இடங்களில் காவலில் வைக்கப்பட்டதை நாம் அவ்வளவாக எண்ணிப்பார்ப்பதில்லை. திருவிதாங்கூர் எல்லையைத் தாண்டி அனுப்பிவிட வேண்டும் என்பதே அவருக்கு விதித்த ஆணைகளில் ஒன்று. ஆம், நம் புனிதர் நாடு கடத்தப்பட்டவர். எல்லைப்புறமான ஆரல்வாய்மொழியில் காவலில் இருந்தபோதும் மக்கள் அவரைத் தேடிச் சென்றார்கள். 1752 ஜனவரி 14ஆம் நாள் காற்றாடிமலையில் சுடப்பட்டார். 2022 மே 15ஆம் நாள் உரோமையில் புனிதராக உயர்த்தப்பட்டபோது நாம் வெடி வைத்து மகிழ்ந்தோம். அவர் விலங்கோடு இருந்த நாளில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்த மக்கள்தான் நமக்கு முன்மாதிரி.

திருச்சபை இதில் மௌனமாக இருந்ததில்லை. பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1952இல் குடிபெயர்ந்தோர் பற்றி வெளியிட்ட ஆவணத்தில், ஏரோதுக்கு அஞ்சி எகிப்துக்கு ஓடிய நாசரேத்துத் திருக்குடும்பத்தையே எல்லா அகதிக் குடும்பங்களுக்கும் மாதிரியாகக் காட்டினார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் இன்றைய உலகில் திருச்சபை பற்றிய ஏட்டின் 27ஆம் எண்ணில், தான்தோன்றித்தனமாகச் சிறைப்படுத்துவதையும் நாடு கடத்துவதையும் கொலையோடு சேர்த்துக் கண்டித்தது. வியட்நாம் மக்கள் படகுகளில் மாண்டதைக் கண்ட இயேசு சபைத் தலைவர் அருட்தந்தை பேதுரு அருப்பே 1980இல் இயேசு சபை அகதிகள் பணியைத் தொடங்கினார். அப்பணி நம் தமிழக முகாம்களிலும் நடந்து வந்துள்ளது. பாப்பரசர் பிரான்சிஸ் 2013இல் உரோமைக்கு வெளியே முதன்முதல் சென்ற இடம், அகதிப் படகுகள் மூழ்கும் லாம்பெதூசா தீவு. 2024 டிசம்பர் 26ஆம் நாள், யூபிலிக்கான புனித கதவொன்றை அவர் உரோமையில் ஒரு சிறைச்சாலைக்குள்ளேயே திறந்துவைத்தார்.

சிலர் கேட்கலாம்: சாமி, நாட்டுக்கு எல்லை வேண்டாமா? வருகிறவன் நல்லவனா கெட்டவனா என்று பார்க்க வேண்டாமா? வேண்டும். எல்லையைக் காப்பது அரசின் கடமை. திருச்சபை அதை மறுக்கவில்லை. குற்றம் செய்தவனை நீதிமன்றத்தில் நிறுத்தித் தண்டிக்கட்டும். அந்தத் தண்டனைக்கு ஒரு முடிவு இருக்கட்டும். ஐயத்தின் பேரில் முடிவில்லாமல் அடைப்பதையே நாம் தவறு என்கிறோம். 2025 மே மாதம் ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கில், உலகத்து அகதிகளையெல்லாம் ஏற்க இந்தியா தர்மசாலை அன்று என்ற கருத்து உச்ச நீதிமன்ற விசாரணையில் சொல்லப்பட்டது. நீதிமன்றத்தை மதிக்கிறோம். ஆயினும் நம் வழிகளில் இன்றும் நிற்கும் சுமைதாங்கிக் கற்களைப் பாருங்கள். வழிப்போக்கன் யார், எந்த ஊர் என்று கேட்டா அவற்றை நட்டார்கள்? பாரம் சுமந்து வருபவன் இறக்கி வைக்கட்டும் என்றே நட்டார்கள்.

இன்னும் ஒன்று. 1956 நவம்பர் 1ஆம் நாள் காலையில் நம் விளவங்கோடு தாலுகா மக்கள் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தாராக இருந்தவர்கள் சென்னை மாநிலத்தார் ஆனார்கள். யாரும் வீட்டைவிட்டு அசையவில்லை, கோடுதான் அசைந்தது. கோடு மனிதன் போடுவது. மனிதனைப் படைத்தவர் இறைவன். எது பெரிது?

சாதாரண மக்களாகிய நம்மால் என்ன ஆகும் என்று கைவிரிக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவில் பிலோயிலா என்று ஒரு சிற்றூர். சில ஆயிரம் பேரே வாழும் இடம். அங்கே வாழ்ந்த ஓர் இலங்கைத் தமிழ்த் தம்பதியரையும் அங்கேயே பிறந்த இரு பெண் குழந்தைகளையும் 2018 மார்ச் மாதம் ஒரு விடியற்காலையில் அதிகாரிகள் பிடித்துச் சென்றார்கள். பின்னர் தொலைவான கிறிஸ்மஸ் தீவில் வைத்தார்கள். இளைய குழந்தை நோயுற்று மருத்துவமனைக்குப் பறந்தது. அவ்வூர் மக்கள் வெள்ளையர். அக்குடும்பத்துக்கு உறவுமல்லர், மொழியுமல்லர். எங்கள் அயல்வீட்டாரைத் திருப்பித் தாருங்கள் என்று நான்கு ஆண்டுகள் மனு எழுதினார்கள், கூட்டம் போட்டார்கள், அமைச்சர்களைப் பார்த்தார்கள். 2022 ஜூனில் அக்குடும்பம் ஊர் திரும்பியது. ஆகஸ்டில் நிரந்தரமாக வாழ உரிமையும் கிடைத்தது. ஓர் ஊர் விட்டுக்கொடுக்காமல் கேட்டால் அரசும் கேட்கும் என்பதற்கு இது சாட்சி.

ஆகவே, நமது யூபிலியின் கனியாகச் சில காரியங்களைப் பங்குப் பேரவையின் முன் வைக்கிறோம்.

முதலாவது, நாமே போய்ப் பார்ப்பது. நம் அன்பியங்கள் முறைவைத்து ஞாறான்விளைக்கும் கோழிவிளைக்கும் செல்லட்டும். பழைய துணி மூட்டையோடு அல்ல; உறவுக்காரர் வீட்டுக்குப் போவதுபோல, வாங்கிப் போகும் பழத்தோடும் பலகாரத்தோடும். அருமனையில் ஊரே திரளும் கிறிஸ்துமஸ் விழாவில் அம்மக்களும் விருந்தினராக முன்வரிசையில் அமரட்டும்.

இரண்டாவது, கூலி. முகாமிலிருந்து வர்ணம் பூசவோ கொத்து வேலைக்கோ வருபவருக்கு ஊர்க்காரனுக்குக் கொடுக்கும் கூலியை ஒரு ரூபாய் குறையாமல் கொடுங்கள். கேட்க ஆளில்லை என்று குறைப்பது பாவம். கூலிக்காரனின் கூக்குரல் ஆண்டவரின் செவிக்கு எட்டுவதாகப் புனித யாகப்பர் எழுதியிருக்கிறார்.

மூன்றாவது, தாள். பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று இவற்றைச் சேர்த்து மனு எழுதத் தெரியாமல் உரிமை இழந்தவர் பலர். நம் பங்கில் வழக்கறிஞர்களும் ஓய்வுபெற்ற வருவாய்த்துறை அலுவலர்களும் ஆசிரியர்களும் உள்ளனர். மாதத்தில் ஒரு ஞாயிறு மாலையை இதற்குக் கொடுங்கள். காவலில் உள்ளவர், பெண்கள், குழந்தைகள் ஆகியோருக்கு 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவி உண்டு. அதைக் கேட்டுப் பெறுங்கள்.

நான்காவது, வெளிநாடு செல்லும் நம் பிள்ளைகள். சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகாதீர்கள். கடவுச்சீட்டு, விசா, ஒப்பந்தம் இவற்றின் நகல் வீட்டில் இருக்கட்டும். விரும்பினால் பங்கு அலுவலகத்திலும் வைக்கலாம். துன்பம் வந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். வெளியுறவு அமைச்சகத்தில் முறையிட 2015இல் மதத் என்ற இணைய வழி தொடங்கப்பட்டிருக்கிறது.

ஐந்தாவது, செபம். ஞாயிறு திருப்பலியின் விசுவாசிகள் மன்றாட்டில், தேதியின்றி அடைபட்டிருப்போருக்காக ஒரு மன்றாட்டு இனி விடாமல் இடம்பெறட்டும். சிறைப்பட்டோரோடு தாங்களும் சிறைப்பட்டவர்களைப்போல அவர்களை நினைத்துக்கொள்ளும்படி எபிரேயருக்கு எழுதிய நிருபம் 13ஆம் அதிகாரம் கேட்கிறது. எவ்வளவு அருகில் போகச் சொல்கிறது பாருங்கள்!

நம் ஊரில் பெரியவர்கள் எந்தப் பிள்ளையைக் கண்டாலும் மக்களே என்றுதான் கூப்பிடுவார்கள். தம் பிள்ளை, அடுத்த வீட்டுப் பிள்ளை, வழியில் போகும் பிள்ளை என்ற பேதம் அதில் இல்லை. முகாம் பிள்ளையையும் நாம் அப்படிக் கூப்பிட்டால் போதும். மற்றவை தாமே தொடரும்.

கடைசி நாளில் ஆண்டவர் நம்மிடம் கேட்கப்போகும் கேள்விகளைப் புனித மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் முன்கூட்டியே நமக்குக் காட்டிவிட்டார். அந்நியனாய் வந்தேன், சிறையில் கிடந்தேன் என்று அவர் சொல்லும் இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்து நிற்பதை நம் காலத்தில் காண்கிறோம். எகிப்துக்கு ஓடிய திருக்குடும்பமும், விலங்கோடு நின்ற புனித தேவசகாயமும் நமக்காகப் பரிந்து பேசுவார்களாக. நம் பங்கின் யூபிலி எக்காளத்தின் ஓசை ஆலயச் சுவரைத் தாண்டி, ஞாறான்விளை வரைக்கும் திருச்சி வரைக்கும் கேட்கட்டும். எல்லாம் வல்ல இறைவன், பிதா, சுதன், பரிசுத்த ஆவி உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.